ஆப்ட்டில் வெளிக் களஞ்சியம் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும்

உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் கணினிக்கு ஒரு மென்பொருள் வேண்டும் என்று இணையத்தில் தேடினால், பெரும்பாலும் மூன்று நான்கு வரிக் கட்டளைகள் கிடைக்கும். டெர்மினலில் ஒட்ட வேண்டியது, கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டியது, அவ்வளவுதான். மென்பொருளும் ஒழுங்காக ஓடும். அந்த வரிகளில் ஒன்று உங்கள் கணினியில் மென்பொருள் வந்து சேரும் புதிய களஞ்சியம் (மூலம்) ஒன்றைச் சேர்த்திருக்கும். இன்னொன்று, அந்த மூலத்தின் சாவியை நம்பு என்று, மென்பொருளை நிறுவும் கருவியான ஆப்ட்டிடம் சொல்லியிருக்கும். இதனால் நாம் எதற்குச் சம்மதித்தோம் என்பதை மட்டும் அந்தப் பக்கங்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆப்ட் நிறுவும் டெப் பொதிக்குள் மென்பொருளின் கோப்புகளோடு சில ஸ்கிரிப்டுகளும் இருக்கலாம். நிறுவும்போதும் நீக்கும்போதும் அவை ரூட் (முழு நிர்வாகி) அதிகாரத்தோடு ஓடும். ஆக, ஒரு களஞ்சியத்தைச் சேர்ப்பது என்றால், அதை நடத்துபவருக்கு உங்கள் கணினியில் எதையும் செய்யும் உரிமையைக் கொடுப்பது. இன்றைக்கு ஒருமுறை கொடுத்ததோடு அது முடிவதில்லை. நீங்கள் அப்கிரேட் செய்யும் ஒவ்வொரு தடவையும் அந்த உரிமை செல்லும். களஞ்சியம் வேறொருவர் கைக்கு மாறினாலோ, கையொப்பமிடும் சாவி திருடு போனாலோ, உரிமையும் கூடவே போய்விடும்.

வெளிக் களஞ்சியமே வேண்டாம் என்று இருப்பது எல்லோருக்கும் முடியாது. ஆனால் யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கலாம், அளந்தும் கொடுக்கலாம். அதற்கான வசதிகள் ஆப்ட்டிலேயே இருக்கின்றன. புதிதாக லினக்ஸுக்கு வந்தவர்கள் அவற்றைத் தொடுவதற்கே தயங்குகிறார்கள். நான்கைந்து வரிகளைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

கீழே உள்ளவை டெபியன் 13, உபுண்டு 24.04, லினக்ஸ் மின்ட் 22 ஆகிய மூன்றுக்கும் பொருந்தும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான் என்பதால், அதிலும் அடிப்படை இதேதான். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் நாம் வாயால் சொல்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதலில், ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

மூலங்கள் எல்லாம் /இடிசி/ஆப்ட் என்ற அடைவுக்குள் இருக்கின்றன. அங்கே சோர்சஸ்.லிஸ்ட் என்று ஒரு கோப்பும், சோர்சஸ்.லிஸ்ட்.டி என்று ஓர் அடைவும் இருக்கும். அடைவுக்குள் .லிஸ்ட் என்றோ .சோர்சஸ் என்றோ முடியும் கோப்புகள் எத்தனை இருந்தாலும் ஆப்ட் எல்லாவற்றையும் படிக்கும். பட்டியலைப் பார்க்க:

எல்எஸ் /இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி

உபுண்டு 24.04-ல் உபுண்டு.சோர்சஸ் என்ற கோப்பு இருக்கும். மின்ட்டில் அஃபிஷியல்-பேக்கேஜ்-ரெப்போசிட்டரீஸ்.லிஸ்ட். இவை தவிர வேறு பெயர்கள் தெரிந்தால், பெரும்பாலும் எப்போதோ நீங்கள் சேர்த்தவை, அல்லது நீங்கள் அறியாமல் சேர்ந்தவை. அறியாமல் எப்படிச் சேரும்? கூகுள் குரோமை டெப் கோப்பாக இறக்கி நிறுவினால், அந்தப் பொதியே தன் களஞ்சியத்தையும் சாவியையும் சேர்த்துவிடும். பிரவுசர் தொடர்ந்து புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஆனாலும் அப்படி ஒன்று நம் கணினியில் இருப்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது உபுண்டு.சோர்சஸைத் திறந்து பாருங்கள். ஐந்து புலங்கள் உள்ள ஒரு பத்தி, அதன் கீழே அதே மாதிரி இன்னொன்று. ‘டைப்ஸ்’ என்பதற்கு நேரே டெப் என்று இருக்கும்; நிறுவத் தயாரான பொதிகள் வேண்டும் என்று பொருள். ‘யூஆர்ஐஸ்’ சர்வரின் முகவரி. ‘சூட்ஸ்’ என்பது எந்த வெளியீடு என்று சொல்வது, உபுண்டு 24.04-க்கு நோபிள், டெபியன் 13-க்கு ட்ரிக்ஸி. ‘காம்போனென்ட்ஸ்’ என்பது களஞ்சியத்துக்குள் இருக்கும் பிரிவுகள். கடைசியில் ‘சைன்ட்-பை’: இந்த மூலத்தை எந்தச் சாவியால் சரிபார்க்க வேண்டும் என்று ஆப்ட்டுக்குச் சொல்வது. இந்தக் கட்டுரையில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

டெபியனிலும் மின்ட்டிலும் எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதும் பழைய வடிவம் இருந்தால் பயப்பட வேண்டாம், அதுவும் செல்லும். டெபியன் 13-ல் சூடோ ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ் என்று கொடுத்தால் ஆப்ட்டே புது வடிவத்துக்கு மாற்றித் தரும். புது வடிவம் படிக்க எளிது என்பதால் மாற்றிக்கொள்வது நல்லது.

பிரிவுகள் பற்றி ஒரு வார்த்தை. டெபியனில் மெயின் என்பது முழுக்கக் கட்டற்ற மென்பொருள். வைஃபை அட்டைக்கான ஃபர்ம்வேர் போன்றவை டெபியன் 12-லிருந்து நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவில் வருகின்றன. மடிக்கணினியில் வைஃபை தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. உபுண்டுவில் மெயினும் ரெஸ்ட்ரிக்டடும் உபுண்டுவின் நிறுவனமான கனானிக்கல் நேரடியாகப் பராமரிப்பவை. யூனிவர்ஸும் மல்டிவர்ஸும் சமூகத்தின் பொறுப்பு.

நோபிள்-செக்யூரிட்டி, ட்ரிக்ஸி-செக்யூரிட்டி என்று வரும் பாதுகாப்புப் பத்தியை எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். அப்டேட் மெதுவாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடச் சொல்லும் ஆலோசனைகள் உலவுகின்றன. காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது

சூடோ ஆப்ட் அப்டேட் கொடுத்ததும் ஆப்ட் முதலில் இறக்குவது இன்ரிலீஸ் என்ற சின்னக் கோப்பு. களஞ்சியத்தை நடத்துபவர் தன் சாவியால் கையொப்பமிட்ட கோப்பு அது. அதற்குள் பேக்கேஜஸ் என்ற பட்டியல் கோப்புகளின் ஹாஷ் எண்கள் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்கள்) இருக்கும். பேக்கேஜஸ் பட்டியலுக்குள் ஒவ்வொரு டெப் பொதியின் ஹாஷ் எண் இருக்கும். பொதியில் ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் ஒத்துப்போகாது. பட்டியலை மாற்றினால் இன்ரிலீஸோடு ஒத்துப்போகாது. இன்ரிலீஸை மாற்றினால் கையொப்பம் உடையும். சங்கிலி முழுவதும் அந்த ஒரு சாவியில்தான் தொங்குகிறது.

டெபியன் முகவரிகள் இன்னமும் மறையாக்கம் இல்லாத எச்டிடிபி என்றே இருப்பதைப் பார்த்துப் பலர் பதறுவார்கள். பொதி எந்த வழியாக வந்தாலும் கடைசியில் கையொப்பம்தான் சோதிக்கப்படுகிறது என்பதே அதற்கான பதில். இந்தியாவைத் தேர்ந்தெடுத்து உபுண்டு நிறுவினால் இன்.ஆர்க்கைவ்.உபுண்டு.காம் என்ற முகவரி வருவதும் இதனால்தான் பிரச்சினை இல்லை. பக்கத்து மிரர் எதுவானாலும் அது வெறும் நகல். நகல் வைத்திருப்பவரிடம் சாவி கிடையாது. வேகமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மின்ட்டின் சாஃப்ட்வேர் சோர்சஸ் கருவி மிரர்களின் வேகத்தை அளந்தே காட்டும்.

ஆனால் இந்த வாதத்தையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். 2019 ஜனவரியில் ஆப்ட்டிலேயே ஒரு ஓட்டை வெளியானது. எச்டிடிபி வழிமாற்றத்தை ஆப்ட் கையாண்ட விதத்தைப் பயன்படுத்தி, நடுவில் இருப்பவர் ஹாஷ் சோதனையை ஏமாற்றித் தன் பொதியை நிறுவ வைக்க முடிந்தது. உடனே சரிசெய்யப்பட்டது. எச்டிடிபிஎஸ் கிடைக்கிற இடத்தில் அதையே போடுவதில் நட்டம் ஒன்றும் இல்லை.

சரி, டெபியன் சாவி, உபுண்டு சாவி எல்லாம் உங்கள் கணினிக்குள் எப்படி வந்தன? லினக்ஸை நிறுவ நீங்கள் இறக்கிய ஐஎஸ்ஓ கோப்போடு வந்தன. அப்படியென்றால் ஐஎஸ்ஓ போலியாக இருந்தால் மேலே சொன்ன சங்கிலி முழுவதும் வீண். இது கற்பனையாகச் சொல்வதல்ல. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், மின்ட் 17.3 சினமன் பதிப்பின் இறக்கச் சுட்டியைப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் ஐஎஸ்ஓ இறக்கும்போது, கூடவே தரப்படும் ஹாஷ் கோப்பையும் அதன் கையொப்பத்தையும் சரிபார்ப்பது இந்த வேலையின் முதல் படி. ஹாஷை மட்டும் பார்ப்பது போதாது. தளத்தையே கைப்பற்றியவருக்கு அந்த எண்ணை மாற்றத் தெரியாதா என்ன?

கையொப்பம் சரியாக இருந்தாலும், அது யார் அனுப்பியது என்பதைத்தான் சொல்லும். கடிதத்தில் கையெழுத்து இருப்பதாலேயே அதில் எழுதியிருப்பது உண்மையாகிவிடாதே. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர், எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் ஒளித்திருந்த பின்வாசலை அம்பலப்படுத்தினார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று துருவிப் போய்க் கண்டுபிடித்தார். எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகள் டெபியனின் சோதனைக் கிளைகளான அன்ஸ்டேபிள், டெஸ்டிங்குக்குள் முறையான கையொப்பத்தோடுதான் வந்திருந்தன. நிலையான வெளியீடான ஸ்டேபிள் கிளைக்கு அவை போய்ச் சேரவில்லை. புதுப் பதிப்பு கிடைக்கவில்லையே என்று டெபியன் ஸ்டேபிளைக் குறை சொல்பவர்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

வெளி மூலம் உண்மையிலேயே வேண்டுமா?

முதலில் ஆப்ட் சர்ச் கொடுத்துப் பாருங்கள். வேண்டியது பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். பழைய பதிப்பாக இருந்தால், அந்தப் பழைய பதிப்பால் உங்கள் வேலை எதுவும் நிற்கிறதா என்று யோசியுங்கள். நிற்கிறது என்றால் டெபியனில் புதிய பதிப்புகளுக்கென்றே பேக்போர்ட்ஸ் உண்டு. டெபியன்காரர்களே தயாரித்து, அதே சாவியால் கையொப்பமிடுவது. அதைச் சேர்த்தாலும் ஆப்ட் தானாக அங்கிருந்து எதையும் எடுக்காது. நீங்கள் -டி ட்ரிக்ஸி-பேக்போர்ட்ஸ் என்று கேட்டால்தான் தரும். மேசைக்கணினிச் செயலிகளுக்கு ஃபிளாட்பேக் என்ற தனி நிறுவல் முறை இன்னொரு வழி. அங்கே நிறுவும் ஸ்கிரிப்டுகளுக்கு இப்படி ரூட் அதிகாரம் போவதில்லை.

அதற்கும் அப்புறம்தான் மென்பொருளை உருவாக்கியவரே நடத்தும் களஞ்சியம். எல்லாவற்றுக்கும் கடைசியில் பிபிஏ எனப்படும் தனிநபர் களஞ்சியம். உபுண்டுவின் லாஞ்ச்பேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் பிபிஏ திறக்கலாம். நல்ல பிபிஏக்கள் இருக்கின்றன; ஆர்வத்தில் ஒருவர் திறந்து, ஒரு வருடத்தில் மறந்துபோனவையும் நிறைய இருக்கின்றன. சேர்க்கும் முன் அந்தப் பிபிஏவின் பக்கத்தில் கடைசியாக எப்போது பொதி ஏற்றப்பட்டது என்று பார்த்துவிடுங்கள். பிபிஏ உபுண்டுவுக்காகக் கட்டப்படுவது. அதை டெபியனில் சேர்க்கவே கூடாது. மென்பொருள் நூலகங்களின் (லைப்ரரி) பதிப்புகள் ஒன்றோடொன்று மோதி, எந்த அப்டேட்டும் நகராத நிலைக்குப் போய்விடும்.

ஒரு களஞ்சியத்தை முறையாகச் சேர்ப்போம்: ஃபயர்ஃபாக்ஸ்

உதாரணத்துக்கு மொசில்லாவின் ஆப்ட் களஞ்சியத்தை எடுத்துக்கொள்கிறேன். உபுண்டுவில் 22.04-லிருந்து ஃபயர்ஃபாக்ஸ், டெப்புக்குப் பதில் ஸ்னாப் என்ற வேறொரு பொதி வடிவத்தில் வருகிறது. டெபியனில் ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) பதிப்பு வருகிறது. ஸ்னாப் வேண்டாம், புதிய பதிப்பு டெப் பொதியாகவே வேண்டும் என்பவர்களுக்காக 2024 ஜனவரியில், ஃபயர்ஃபாக்ஸ் 122-ஓடு, மொசில்லா தன் சொந்தக் களஞ்சியத்தில் நிலையான பதிப்பைத் தரத் தொடங்கியது. உருவாக்கியவரே நடத்துவது என்பதால் ‘யாரை நம்புகிறோம்’ என்ற கேள்விக்கு இங்கே பதில் எளிது: எப்படியும் அவர்களுடைய பிரவுசரைத்தானே ஓட்டப்போகிறோம். மின்ட்காரர்களுக்கு இது தேவையில்லை, மின்ட் தானே டெப் பொதியாகத் தருகிறது.

1. சாவியை இறக்குங்கள். மொசில்லாவின் உதவிப் பக்கத்தில் ரெப்போ-சைனிங்-கீ.ஜிபிஜி என்ற சுட்டி இருக்கும். பிரவுசரிலேயே அதைச் சேமித்துக்கொள்ளுங்கள். பல வழிகாட்டிகள் இறக்குவதையும் கணினிக்குள் வைப்பதையும் ஒரே வரியில் பைப் போட்டு இணைத்துவிடும். சரிபார்க்காமலே சாவி உள்ளே போய்விடுவதால் எனக்கு அந்த முறை பிடிக்காது.

2. கைரேகையைச் சரிபாருங்கள். டவுன்லோட்ஸ் அடைவுக்குப் போய்:

ஜிபிஜி --ஷோ-கீஸ் ரெப்போ-சைனிங்-கீ.ஜிபிஜி

40 இலக்கங்கள் கொண்ட ஒரு சரம் தெரியும். அதுதான் சாவியின் கைரேகை. மொசில்லாவின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் கைரேகையோடு முழுவதையும் ஒப்பிடுங்கள். இங்கே அதை நான் தராததற்குக் காரணம், மூன்றாம் மனிதர் எழுதிய கட்டுரையிலிருந்து கைரேகையை எடுப்பது சரியான பழக்கம் இல்லை. கடைசி 8 இலக்கம் மட்டும் பார்த்தால் போதும் என்பதும் பழைய கதை. அதே 8 இலக்கத்தில் முடியும் போலிச் சாவிகளை உருவாக்கிக் காட்டிவிட்டார்கள்.

3. சாவியை அதன் இடத்தில் வையுங்கள். நாமாகச் சேர்க்கும் சாவிகளுக்கு /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ் என்ற அடைவு இருக்கிறது. பொதிகளோடு தானாக வரும் சாவிகள் /யூஎஸ்ஆர்/ஷேர்/கீரிங்ஸில் இருக்கும். அங்கே நாம் கை வைப்பதில்லை.

சூடோ சிபி ரெப்போ-சைனிங்-கீ.ஜிபிஜி /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்/பேக்கேஜஸ்.மொசில்லா.ஓஆர்ஜி.ஏஎஸ்சி

சூடோ சிஎச்மாட் 644 /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்/பேக்கேஜஸ்.மொசில்லா.ஓஆர்ஜி.ஏஎஸ்சி

நகலெடுக்கும்போது பெயரின் வாலை மாற்றியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சாவி இரண்டு வடிவங்களில் வரும். உரைத் திருத்தியில் திறந்தால் படிக்கக்கூடிய எழுத்துகளாகத் தெரிவது ஒன்று, அதற்கு .ஏஎஸ்சி. குப்பையாகத் தெரியும் பைனரி வடிவம் இன்னொன்று, அதற்கு .ஜிபிஜி. மொசில்லா தரும் கோப்பின் பெயர் .ஜிபிஜி என்று முடிந்தாலும் உள்ளே இருப்பது உரை. ஆப்ட் வாலைப் பார்த்துத்தான் வடிவத்தை முடிவு செய்யும் என்பதால், வால் தப்பானால் சாவி இருந்தும் இல்லாத மாதிரிதான். 644 எதற்கென்றால், ஆப்ட் இறக்குவதையும் சோதிப்பதையும் ரூட்டாக இல்லாமல் _ஆப்ட் என்ற சிறு பயனராகச் செய்கிறது. அந்தப் பயனரால் கோப்பைப் படிக்க முடிய வேண்டும்.

4. மூலக் கோப்பை எழுதுங்கள்.

சூடோ நானோ /இடிசி/ஆப்ட்/சோர்சஸ்.லிஸ்ட்.டி/மொசில்லா.சோர்சஸ்

உள்ளே ஐந்தே வரி. புலங்களின் பெயர்களை உபுண்டு.சோர்சஸில் பார்த்த அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்:

டைப்ஸ்: டெப்
யூஆர்ஐஸ்: எச்டிடிபிஎஸ்://பேக்கேஜஸ்.மொசில்லா.ஓஆர்ஜி/ஆப்ட்
சூட்ஸ்: மொசில்லா
காம்போனென்ட்ஸ்: மெயின்
சைன்ட்-பை: /இடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்/பேக்கேஜஸ்.மொசில்லா.ஓஆர்ஜி.ஏஎஸ்சி

கண்ட்ரோல்-ஓ கொடுத்துச் சேமித்து, கண்ட்ரோல்-எக்ஸ் கொடுத்து வெளியே வாருங்கள். கடைசி வரியால் இந்தச் சாவிக்கு இந்தக் களஞ்சியத்தில் மட்டுமே செல்வாக்கு. மொசில்லாவின் சாவியால் கையொப்பமிட்ட ஒன்றை உபுண்டுவின் சர்வரிலிருந்து வந்த மாதிரி யாரும் காட்ட முடியாது.

5. அந்தக் களஞ்சியம் எதையெல்லாம் தரலாம் என்று வரம்பு கட்டுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இது. சாவிக்கு எல்லை போட்டாயிற்று; ஆனால் களஞ்சியம் நாளைக்கே ஓபன்எஸ்எஸ்எல் (மறையாக்க நூலகம்) என்ற பெயரில் உபுண்டுவினுடையதைவிடப் பெரிய பதிப்பு எண்ணோடு ஒரு பொதியை வைத்தால், ஆப்ட் சந்தோஷமாக அதை எடுத்துக்கொள்ளும். பெரிய எண் இருந்தால் அதுவே முந்தும், எந்த மூலம் என்று பார்க்காது. இதைத் தடுப்பதற்குப் பெயர் பின்னிங்.

சூடோ நானோ /இடிசி/ஆப்ட்/ப்ரெஃபரன்சஸ்.டி/மொசில்லா

பேக்கேஜ்: *
பின்: ஆரிஜின் பேக்கேஜஸ்.மொசில்லா.ஓஆர்ஜி
பின்-ப்ரையாரிட்டி: -1

பேக்கேஜ்: ஃபயர்ஃபாக்ஸ்*
பின்: ஆரிஜின் பேக்கேஜஸ்.மொசில்லா.ஓஆர்ஜி
பின்-ப்ரையாரிட்டி: 1000

இரண்டு பத்திகளுக்கு நடுவில் ஒரு வெற்று வரி கட்டாயம். முதல் பத்தி, அங்கிருந்து எதுவும் வேண்டாம் என்கிறது. இரண்டாவது, ஃபயர்ஃபாக்ஸ் என்று தொடங்குபவை மட்டும் வேண்டும், அதுவும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னுரிமையோடு வேண்டும் என்கிறது. மொசில்லாவின் பக்கத்தில் நட்சத்திரக் குறிக்கே 1000 கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் அது முழுக் கதவையும் திறந்துவிடுவது. எனக்கு இப்படிக் குறுக்குவதே பிடிக்கும்.

1000 ஏன்? சாதாரண மூலங்களுக்கு ஆப்ட் கொடுக்கும் முன்னுரிமை 500. உபுண்டுவின் ஃபயர்ஃபாக்ஸ் பொதி உண்மையில் ஸ்னாப்பை இழுத்து வரும் வெற்றுப் பொதி. அதன் பதிப்பு எண் 1:1ஸ்னாப்1 என்று தொடங்கும். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருக்கும் எண்ணைத்தான் ஆப்ட் முதலில் ஒப்பிடும். மொசில்லாவின் பதிப்பில் அப்படி எதுவும் இல்லாததால் அது 0 என்றாகிறது. ஆக, ஆப்ட்டின் கண்ணில் மொசில்லாவினுடையதுதான் பழையது! பழையதற்குப் போகச் சம்மதிக்க வைக்க 1000 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

6. சோதித்துவிட்டு நிறுவுங்கள்.

சூடோ ஆப்ட் அப்டேட்
ஆப்ட் பாலிசி ஃபயர்ஃபாக்ஸ்

கேண்டிடேட் என்ற வரியில் எந்தப் பதிப்பு தெரிகிறது, அதன் கீழே அந்தப் பதிப்பு எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று பாருங்கள். மொசில்லாவின் முகவரியும் 1000-மும் தெரிந்தால் சரி. ஆப்ட் பாலிசி ஓபன்எஸ்எஸ்எல் என்றும் கொடுத்துப் பாருங்கள்; அங்கே உங்கள் டெபியனோ உபுண்டுவோ மட்டும்தான் தெரிய வேண்டும். அப்புறம் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபயர்ஃபாக்ஸ். மெனுக்கள் தமிழில் வேண்டும் என்றால் ஆப்ட் சர்ச் ஃபயர்ஃபாக்ஸ்-எல்10என் என்று தேடி, டிஏ என்று முடியும் மொழிப் பொதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நட்சத்திரக் குறி போட்ட வரம்புக்குள் அதுவும் வந்துவிடும்.

உபுண்டுவில் ஸ்னாப் ஃபயர்ஃபாக்ஸை நீக்கும் முன் ஒரு எச்சரிக்கை. புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் உங்கள் ஹோம் அடைவில் ஸ்னாப்/ஃபயர்ஃபாக்ஸ் என்பதற்குள் இருக்கின்றன. டெப் பதிப்பு அங்கே பார்க்காது. சிங்க் போட்டோ ஏற்றுமதி செய்தோ வைத்துக்கொண்டு நீக்குங்கள்.

பழைய வழிகாட்டிகளை அடையாளம் காண்பது

ஆப்ட்-கீ ஆட் என்ற சொற்கள் தெரிந்தால், அந்தப் பக்கம் பழையது. ஆப்ட்-கீ சேர்க்கும் சாவி பொதுவான சாவிக்கொத்தில் விழும். சைன்ட்-பை இல்லாத எந்தக் களஞ்சியத்துக்கும் அந்தச் சாவி செல்லும். டெபியன் 13-ல் அந்தக் கட்டளையே இல்லை. சாவியை ட்ரஸ்டட்.ஜிபிஜி.டி அடைவில் போடச் சொல்லும் பக்கங்களும் இதே வகைதான்; இடம் மாறியிருக்கிறது, குறை அப்படியே இருக்கிறது.

சாவிக்குப் பதில் ‘ட்ரஸ்டட்: எஸ்’ என்று எழுதச் சொன்னாலோ, --அலவ்-அன்ஆதென்டிகேட்டட் போடச் சொன்னாலோ பக்கத்தை மூடிவிடுங்கள். கையொப்பமே பார்க்காதே என்று ஆப்ட்டிடம் சொல்லும் வரிகள் அவை.

அப்டேட் முறைத்தால்

நோ_பப்கீ என்று வந்தால், டெபியன் 13-ல் மிஸ்ஸிங் கீ என்று வந்தால், சைன்ட்-பை காட்டும் இடத்தில் சரியான சாவி இல்லை. பாதையில் எழுத்துப்பிழையா, வால் சரியா, 644 கொடுத்தோமா என்று இந்த வரிசையில் பாருங்கள். எக்ஸ்ப்கீசிக் என்றால் சாவியின் ஆயுள் முடிந்துவிட்டது. நடத்துபவரின் பக்கத்தில் புதுச் சாவி இருக்கும், மறுபடி கைரேகை பார்த்து மாற்றுங்கள். டெபியன் 13-ல் கையொப்பத்தைச் சோதிப்பது செக்வோயாவின் எஸ்க்யூவி என்ற புதிய நிரல். எஸ்எச்ஏ1 என்ற பழைய ஹாஷ் முறைக் காலத்துச் சாவிகளை அது ஏற்காது. அங்கே பிழை நம்மிடம் இல்லை, களஞ்சியக்காரர்தான் சாவியைப் புதுப்பிக்க வேண்டும்.

‘ரிலீஸ் ஃபைல் இல்லை’ என்பது பெரும்பாலும் சூட்ஸ் வரியில் தப்பான பெயர். மின்ட்டில் இது அடிக்கடி நடக்கும். மின்ட் 22-ன் பெயர் வில்மா. வழிகாட்டியில் எல்எஸ்பி_ரிலீஸ் கட்டளை இருந்தால் அந்தப் பெயரைத்தான் எடுத்துப் போடும். உபுண்டுவுக்கான களஞ்சியத்தில் வில்மா என்று ஒன்று கிடையாது, நோபிள்தான் உண்டு. /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் உபுண்டு_கோட்நேம் என்ற வரியைப் பார்த்து அதையே எழுதுங்கள். ஆதரவுக் காலம் முடிந்த உபுண்டுவாக இருந்தாலும் இதே பிழை வரும். அப்போது முகவரியை மாற்றி ஒப்பேற்றாமல் புது வெளியீட்டுக்குப் போவதே சரி.

சைன்ட்-பை மதிப்புகள் முரண்படுகின்றன என்றால், ஒரே களஞ்சியம் இரண்டு கோப்புகளில் இருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு வேறு சாவிப் பாதையைச் சொல்கிறது. விஎஸ் கோட் என்ற நிரல் திருத்தியின் களஞ்சியத்தை நீங்கள் கையால் சேர்த்த பிறகு, அதன் பொதியும் தன் பங்குக்குச் சேர்த்தால் இப்படி ஆகும். ஒன்றை நீக்குங்கள். ‘ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்று வந்தால் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. பழைய மடிக்கணினிகளில் மதர்போர்டு பேட்டரி செத்துப்போனால் இப்படி வரும். சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ கொடுத்து நேரத்தைச் சரிசெய்யுங்கள், பேட்டரியையும் மாற்றுங்கள்.

எடுப்பதும் ஒரு வேலை

ஒரு மூலம் இனி வேண்டாம் என்றால், சோர்சஸ் கோப்பை மட்டும் அழித்தால் போதாது. அங்கிருந்து வந்த பொதி கணினியிலேயே இருக்கும், ஆனால் இனி அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது. அது மூலம் இருந்ததைவிட மோசம். முதலில் பொதியை நீக்குங்கள், பிறகு சோர்சஸ் கோப்பு, பின்னிங் கோப்பு, சாவி மூன்றையும் அழித்து அப்டேட் கொடுங்கள். எந்த மூலத்திலும் இல்லாமல் அனாதையாக நிற்கும் பொதிகள் ஏற்கெனவே இருக்கின்றனவா என்று பார்க்க:

ஆப்ட் லிஸ்ட் '?அப்சலீட்'

ஒற்றை மேற்கோள்களை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் ஷெல் கேள்விக்குறியைத் தன் பாணியில் புரிந்துகொள்ளும். மின்ட்டில் இதற்கு டெர்மினலே வேண்டாம். சாஃப்ட்வேர் சோர்சஸ் கருவியின் மெயின்டெனன்ஸ் பகுதியில் அந்நியப் பொதிகளை நீக்கவும், அதிகாரப்பூர்வப் பதிப்புக்கு இறக்கவும் பொத்தான்கள் இருக்கின்றன.

உபுண்டுவை அடுத்த வெளியீட்டுக்கு மாற்றும்போது, மேம்படுத்தும் கருவி வெளி மூலங்களைத் தானாக முடக்கிவிடும். கோப்பைத் திறந்தால் ‘எனேபிள்ட்: நோ’ என்று ஒரு வரி சேர்ந்திருக்கும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மொத்தமாக எஸ் ஆக்கிவிட வேண்டாம். மொசில்லாவினுடையதில் சூட்ஸ் வரி எந்த உபுண்டு வெளியீட்டையும் சாராதது, அப்படியே திறந்துவிடலாம். நோபிள் என்று பெயர் போட்டவற்றுக்கு, புது வெளியீட்டுக்கான பொதிகளை அவர்கள் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்து, சூட்ஸ் பெயரை மாற்றிய பிறகு திறங்கள். கட்டவில்லை என்றால் நோ என்றே இருக்கட்டும்.